மெஷின் வாங்க நகையை அடகு வைக்கலாமா?

மதுரை மாவட்டம் பேரையூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். 3 ஏக்கர் மானாவாரி. கம்பும் குதிரைவாலியும் போடுகிறார்கள். வேலையை விட்டு ஊர் திரும்பிய மகன், இன்குபேஷன் மையத்தில் சேர்ந்து கம்பு மாவு விற்கப் போகிறாராம். 8 பவுன் நகையை அடகு வைத்து ஷெட் போட்டு, வங்கியில் 5 லட்சம் வாங்கி மெஷின் இறக்கலாமா என்பது கேள்வி.

மையத்தில் சேரட்டும். நகையை இப்போது தொட வேண்டாம்.

தொழில் தொடங்குகிறவர்களுக்கு இயந்திரம், ஆய்வுக்கூடம், பயிற்சி, ஆலோசனை எல்லாவற்றையும் ஓரிடத்தில் கட்டணத்துக்குத் தருவதுதான் இன்குபேஷன் மையம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூர் நிஃப்டெம் நிறுவனத்திலும் இருக்கிறது. கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவிக்கும் இன்குபேட்டர் என்றுதான் பெயர். அதில் 21 நாளில் குஞ்சு வந்துவிடும். வெளியே எடுத்தபின் சூடு கொடுத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. தொழிலிலும் சிக்கல் மையத்தை விட்டு வந்தபின்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் சரக்கு. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த மாவு சில நாளிலேயே காறல் அடித்துக் கசக்கும். தானியத்தைக் கொதிநீரில் சில விநாடி முக்கி, நன்றாக உலர்த்தி அரைத்தால் கூடுதல் நாள் தாங்கும். இதை மையத்தில் செய்து பார்த்து, எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்துகொள்ளாமல் கடைக்கு அனுப்பினால், பாக்கெட் திரும்பி வரும். ஒருமுறை கசந்த மாவை வாங்கியவர் மறுமுறை வாங்குவதில்லை.

அடுத்தது கணக்கு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். உதாரணத்துக்கு, அரைக் கிலோ பாக்கெட் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 25 சதவீதம் எடுத்தால் கைக்கு 45. கழிவு சேர்த்து 600 கிராம் கம்பு 21 ரூபாய், கவரும் லேபிளும் 5, மையத்தில் மெஷின் கட்டணம் 3, வண்டிச் செலவு 4. ஆக 33. மிச்சம் 12 ரூபாய். மாதம் 500 பாக்கெட் போனால் 6,000. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 5 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 5 வருடத்தில் அடைக்க மாதத் தவணையே சுமார் 10,600 ரூபாய் வரும். மெஷின் கட்டணம் மிச்சமாகிறதே என்றால், கரண்டும் தேய்மானமும் அதை எடுத்துக்கொள்ளும். தவணைக்கு மட்டும் ஏறக்குறைய 900 பாக்கெட் விற்க வேண்டும். மகனுடைய கூலி இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை. வீட்டுப் பிள்ளையின் உழைப்புக்குக் கூலி போடாத கணக்கு எதுவும் கணக்கே இல்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு முகவரிக்கு முகவரி தனி. மையத்து முகவரியில் வாங்கிய எண், சொந்த ஷெட்டுக்குச் செல்லாது. ஆயிரக்கணக்கில் கவர் அச்சடித்து வைத்திருந்தால் அத்தனையும் வீண். வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்பதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

மானியத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 2020-ல் வந்த பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் உண்டு. ஆனால் அது கடனோடு சேர்ந்தது; கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும். 3 வருடம் தொழில் நடந்து, கடனும் ஒழுங்காக இருந்தால்தான் வரவு வைப்பார்கள். அந்த 3 வருடத்தைத் தாண்ட விற்பனை வேண்டும். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரர்கள் பணம் தர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆக்குவார்கள். அதுவரை அடுத்த சரக்குக்குக் கையில் காசு வேண்டும். 500 பாக்கெட்டுக்கு 16,500 ரூபாய். இரண்டு சுற்றுக்கு 33,000. நகை வைத்தே ஆக வேண்டுமென்றால் இதற்கு மட்டும் வைக்கலாம். 8 பவுனும் தேவைப்படாது. மையத்து மெஷினிலேயே அரைத்து, திருமங்கலம், உசிலம்பட்டி, மதுரைக் கடைகளில் கொடுத்து, எந்தக் கடையில் எத்தனை போனது, எத்தனை திரும்பியது, பணம் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். மாதம் 1,500 பாக்கெட் தொடர்ந்து ஆறு மாதம் ஓடியபின், அந்த நோட்டோடு வங்கிக்குப் போகலாம்.