'பின்' என்னும் ஒரு சொல்

உடலுக்குள் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பின் பின்னே மறைந்து கிடப்பது, நோயை அறியும் வழியையே மாற்றிவிடும். குடல்வால் பலருக்குப் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குடற்பையின் பின்னே அமைந்துள்ளது. அவர்க்குக் குடல்வால் அழன்றால், அடிவயிற்றின் வலப்புறத்தை அழுத்துங்கால் தோன்றவேண்டிய நோவு மங்கலாகவே தோன்றும்; மாறாக விலாவோ முதுகோ நோகும். சிறுநீரகங்களும், குடல்களைப் போர்த்த மெல்லுறைக்குப் பின்னே முதுகுத் தசைகளை அணைந்து கிடக்கின்றன. ஆகவே, அவற்றிலிருந்து இறங்கும் கல் வழியை அடைத்தால், நோவு விலாவில் எழுந்து அடிவயிறு நோக்கி இறங்கும்.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் நாள்முழுதும் நின்றும் சுமந்தும் உழைப்பவன், இந்நோவைச் சுமையால் வந்த பிடிப்பென்று எண்ணுவது இயல்பே. எண்ணெய் தேய்த்துக்கொண்டு இரவுப்பணிக்குப் போகிறான். நோவு முற்றியபின் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்கு ஓடுகிறான். அவன் கையில் தரப்படும் ஆய்வுத்தாளில் 'ரெட்ரோசீக்கல்' என்றோ 'ரெட்ரோபெரிடோனியல்' என்றோ ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. தன் வயிற்றுக்குள் எதன் பின்னே எது கெட்டது என்று அறியாமலேயே அறுவைக்கு ஒப்பிக் கையெழுத்திடுகிறான்! ஓசூரில் தமிழரொடு தெலுங்கரும் கன்னடரும் வாழ்கின்றனர். அத்தாள் அம்மூவருள் எவர் தாய்மொழியிலும் இல்லை.

'ரெட்ரோ' என்னும் இலத்தீன் முன்னொட்டில் மறைபொருள் ஏதுமில்லை. 'பின்' என்பதே அதன் பொருள். அச்சொல்லைத் தமிழ்க் குழந்தையும் அறியும். பிடரி, விலா, அள்ளை, குண்டிக்காய் என்று உடலின் இடங்களையும் உறுப்புகளையும் சுட்டும் சொற்கள் மக்கள் வழக்கிலேயே உள்ளன. சொல் இல்லை என்பது பொய். சொல்லை ஒழுங்குபடுத்துவார் இல்லை என்பதே மெய்.

ஒழுங்கு இன்றியமையாதது. 'இல்முன்' என்பது 'முன்றில்' என முன்பின்னாக மாறி வழங்குவதை இலக்கண நூலார் இலக்கணப்போலி என்றனர். பேச்சில் இம்மாற்றம் தீங்கு செய்யாது. அறுவை மேடையில் செய்யும். 'பின்னிரைப்பை' என்றால் அது இரைப்பையின் பின்பகுதி. 'இரைப்பைப்பின்' என்றால் அது இரைப்பைக்கு அப்பாலுள்ள இடம்; கணையம் கிடப்பது அங்கேதான். உறுப்பின் பெயர் முன்னும் 'பின்' என்பது அதனையடுத்தும் நிற்க வேண்டும் என்று ஒரு நெறி வகுத்தால், குழப்பம் தீரும். 'குடற்பைப்பின் குடல்வால்', 'மெல்லுறைப்பின் உறுப்புகள்', 'நெஞ்செலும்புப்பின் நோவு' என்பன விளக்கமின்றியே விளங்கும். நெஞ்சாங்குலைக்குக் குருதி தடைப்படுங்கால் பெரும்பாலும் எழுவது இக்கடைசி நோவே. அதனைச் செரியாமை என்று தள்ளிவிட்டு உயிரிழப்போர் உளர். பெயர் விளங்கினால் எச்சரிக்கையும் விளங்கும்.

இது கைகூடாத கனவன்று. அமெரிக்கரான சாமுவேல் பிசுக் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். அவருள் பலர் தமிழிலேயே பயின்றனர். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-இல் தமிழில் வெளிவந்தது. தலைப்பே வடசொல்லாய் நிற்பது அந்நூலின் குறை. எனினும், ஓர் அயலவர் செய்து காட்டிய வேலை அது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்துவிட்டது.

2022 சனவரி 12-இல் கிருட்டிணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எல்லைப்புறத் தமிழர்க்கு அது பெரும்பேறே. ஆயினும் அங்கும் உடற்கூற்றியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலச் சொல்லை மாணவர் மறக்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. உலக நூல்களைப் பயில அது தேவை. நோயரிடம் பேசவும் ஒப்புதல் பெறவும் தமிழ்ச்சொல்லும் உடன்வேண்டும் என்பதே கோரிக்கை. ஆய்வுத்தாளில் ஆங்கிலச் சொல்லின் கீழே தமிழில் ஒரு வரி எழுதப் புதுக்கட்டடமும் பெருஞ்செலவும் வேண்டா.

தன் உடலின் உள்ளே என்ன நேர்ந்தது என்பதைத் தன் மொழியில் அறிவது மாந்தனின் உரிமை. மருத்துவரும் புலவரும் ஒருங்கமர்ந்து அவ்வரியை இன்றே எழுதத் தொடங்குக!