கட்டில் இல்லாவிட்டால் என்ன?

“பெண் பிள்ளைகளை இப்படியோர் இடத்திலா தங்க வைத்தீர்கள்?”

சென்ற சனவரியில் நாங்கள் தரங்கம்பாடிக்கு மிதிவண்டிப் பயணம் போய்வந்த பின், பெற்றோர் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது. அடுத்த ஆண்டு பேருந்தில் போய், நல்ல ஓட்டலில் அறை எடுக்கலாம் என்ற யோசனையும் பிறந்தது. அங்கே தங்கிய 14 பேரின் கருத்தையும் கேட்டால் நல்லதல்லவா? அதனால்தான் இக்கட்டுரை.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். இருபுறமும் அறுவடைக்குக் காத்திருந்த சம்பா வயல்கள். முன்னால் ஆசிரியைகள் இருவர்; பின்னால் வேனில் சிஸ்டர். மாலையில் கடலோர விடுதியை அடைந்தோம். ஓட்டுக் கூரை போட்ட நீண்ட கூடம், படுக்கக் கோரைப்பாய், குளிக்கக் கிணற்று நீர். அவ்வளவுதான்!

குறையே இல்லை என்று நாங்கள் சாதிக்கவில்லை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நின்றோம். இரவில் மின்சாரம் போனது. கொசு மட்டும் போகவில்லை. ஆனால், தாழ்ப்பாள் இல்லையென்றால் தாழ்ப்பாள் போடச் சொல்லலாம். அதற்காகப் பயணத்தையே மாற்றுவதா?

இத்தகைய எளிய விடுதிகள் பிறந்ததே ஒரு பள்ளிப் பயணத்தில்தான். 1909இல் ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடிமழையில் அகப்பட்டார். ஒரு கிராமப் பள்ளியின் வகுப்பறையில் வைக்கோல் பரப்பி அனைவரும் படுத்தார்கள். ஊர்தோறும் பிள்ளைகள் தங்க இப்படி ஓர் இடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அந்த இரவில் அவருக்கு உதித்தது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதி உருவாயிற்று. தங்குபவர்களே பெருக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அத்தகைய விடுதிகளின் வழக்கம். நாங்களும் அப்படியே செய்தோம். வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காத சிலர், அங்கே வாளி வாளியாய் நீர் இறைத்ததை அம்மாமார் பார்த்திருக்க வேண்டும்!

எங்களுக்கு மீன்குழம்பும் சோறும் சமைத்துத் தந்த அக்கா, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் வீட்டை இழந்தவர். “கடலைப் பார்த்தால் பயமாக இல்லையா, அக்கா?” என்று கேட்டோம்.

“பயமாத்தாம்மா இருக்கு. அதுக்காகக் கடலுக்குப் போகாம இருந்தா அடுப்பு எரியுமா?” என்றார்.

விடியற்காலையில் படகுகள் கரையேறியதும், மீனை ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கப் புறப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஓட்டலில் தங்கியிருந்தால் காப்பி கொண்டுவரச் சொல்லியிருப்போம். அந்த அக்காவை அறிந்திருக்க மாட்டோம்.

எங்கள் தோழி ஒருத்தியை அவள் வீட்டில் அனுப்பவில்லை. அதே வாரம் அவள் அண்ணன் நண்பர்களோடு வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போய்வந்தான். அவனை யாரும் தடுக்கவில்லை. 1990களின் தொடக்கத்திலேயே புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்று ஊர் ஊராகச் சென்றார்கள். நாங்கள் இரவு தங்கிய தரங்கம்பாடியோ, 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு மறு ஆண்டே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊர். ‘பெண் பிள்ளைகளையா?’ என்று அன்றும் சிலர் கேட்டிருப்பார்கள். அதற்காகப் பள்ளியை மூடியிருந்தால் நம் கதி என்ன?

அன்புள்ள அம்மா, அப்பா! உங்கள் அச்சம் அன்பினால் வருவது என்பதை அறிவோம். கதவுக்குத் தாழ்ப்பாள் கேளுங்கள், கொசுவலை கேளுங்கள், முதலுதவிப் பெட்டி கேளுங்கள். சைக்கிளையும் அந்தக் கூடத்தையும் மட்டும் எங்கள் தங்கைகளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு நாங்கள் இப்பள்ளியில் இருப்போமோ, இல்லையோ, அவர்களுக்காகவே கேட்கிறோம்.

இன்னும் ஐயம் இருந்தால், தாய்மார் இருவர் உடன் வரட்டும். பாயை நாங்கள் விரித்துத் தருகிறோம்.