வேலிக்காரரின் வினைச்சொல்

"அவர் களவாய் வந்த ஆள்." எங்களுக்குள் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டி, பனியில் நடந்து வந்தவர்களே நேற்று வந்தவரைப் பார்த்து இப்படிச் சொல்கிறார்கள். கடந்தாலே குற்றம் என்ற இந்த எண்ணத்தை, 'ட்ரெஸ்பாஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லை நாங்கள் விளங்கிக்கொண்ட விதத்திலும் காண்கிறேன்.

'அத்துமீறி நுழைதல்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது வேலிக்காரர் சொல்லும் அர்த்தம். பழைய பிரெஞ்சில் அச்சொல்லுக்குக் கடந்து செல்லுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அது பிறருக்குத் தீங்கு செய்தலாயிற்று. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அடிபட்டவரும், அநியாயமாக அடைத்து வைக்கப்பட்டவரும், பொருளைப் பறிகொடுத்தவரும் ட்ரெஸ்பாஸ் என்றே வழக்குப் போட்டார்கள். நிலம் அவற்றில் ஒன்று மட்டுமே. 1549இன் ஆங்கிலத் திருச்சபைச் செபநூலில், இயேசு கற்பித்த செபம் மன்னிக்கக் கேட்பதும் இச்சொல்லைத்தான். அங்கே வேலி எதுவும் இல்லை.

சட்டநூலில் அந்த விரிவு இன்றும் உண்டு. பேச்சிலோ நிலம் மட்டும் மிஞ்சிவிட்டது. 'அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்' என்று மிரட்டும் பலகைகளை இங்கிலாந்தில் எங்கும் காணலாம். அங்கே பிறர் நிலத்தில் வெறுமனே கால் வைப்பது பொதுவாக உரிமையியல் விவகாரம், குற்றமே அல்ல. 1932 ஏப்ரல் 24இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். ஐவர் சிறை சென்றார்கள். அதுவும் கலகம் போன்ற குற்றச்சாட்டுகளில்தான். மலையில் நடந்ததற்காக அல்ல.

தமிழின் 'இறத்தல்' இதே வழியில் நடந்த சொல். கடத்தல், நெறி மீறுதல், சாதல் என்ற மூன்று பொருளும் அதற்குண்டு. பிரெஞ்சிலும் அந்தப் பழைய வினை இன்று சாவதையே குறிக்கிறது. 152ஆம் குறளில் வரும் 'இறப்பு' மரணமல்ல, பிறர் நமக்குச் செய்த தீங்கு. அதைப் பொறுக்கச் சொல்கிறார் வள்ளுவர். பொறுப்பதற்கு நொந்த மனிதர் ஒருவர் வேண்டும். வேலி நோவதில்லை.

நாட்டுக்கு எல்லை வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் எல்லை வகுத்த அரசுகளே 1951இன் அகதிகள் உடன்படிக்கையில் 31ஆம் உறுப்பை எழுதி வைத்தன. ஆபத்திலிருந்து நேரே தப்பி வந்து, தாமதியாமல் அதிகாரிகள் முன் தோன்றி, தக்க காரணம் காட்டும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது என்கிறது அது. கடப்பது வேறு, கெடுதி செய்வது வேறு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அகதியாய் வந்த எங்களுக்குத் தெரியாமல் போனது வெட்கம்.

இனி யாராவது "களவாய் வந்தவர்" என்று தொடங்கினால், பிள்ளைகளின் முன்னாலேயே கேளுங்கள்: அவர் யாரிடம் எதைக் களவெடுத்தவர்?