விசாரணையில்லாக் காவல்

சென்னைச் சிறையிலிருந்தபடி ஸ்ரீ ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 1950-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி தீர்ப்புக் கூறிற்று. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து நான்கு மாதங்கூட நிறையவில்லை. விசாரணையின்றிச் சிறையிலிடும் தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். பார்லிமெண்டு இயற்றிய வழியே போதுமாம். அது நியாயமானதா என்று கேட்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லையாம்! காவலுக்குரிய காரணத்தைக் கோர்ட்டுக்கும் வெளியிடலாகாதென்ற 14-வது பிரிவை மாத்திரம் எல்லோரும் ஒருமுகமாய் ரத்துச் செய்தனர். ஜஸ்டிஸ் பஸல் அலி மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். சட்டம் காட்டும் வழி நியாயமாயுமிருக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு மேனகா காந்தி வழக்கில் ஒப்புக்கொள்ள 1978 வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்துடன் தடுப்புக் காவல் ஒழிந்ததா? இல்லை. அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்தே அதற்கு இடந்தருகிறது. ஜனங்கள் குண்டர் சட்டமென்று வழங்கும் 1982-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, கலெக்டர் உத்தரவிட்டு, பன்னிரண்டு நாளுக்குள் சர்க்கார் அங்கீகரித்தால், ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது.

"ரவுடிகளுக்குத்தானே, நமக்கென்ன?" என்று புதுவயல் அரிசி ஆலைக்காரர் கேட்கலாம். சாராயம் காய்ச்சுவோரையும் குண்டர்களையும் குறித்துப் பிறந்த சட்டம், 2004-ல் திருட்டு வீடியோக்காரரையும், பின்னர் மணல் திருடரையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அடுத்து எவரைச் சேர்ப்பார்களென்று யார் அறிவார்?

காவலில் வைக்கப்பட்டவரின் வீட்டார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. காரணங்களும் ஆதாரக் காகிதங்களும் அவருக்குத் தெரிந்த பாஷையில் கிடைத்தனவா என்று பார்த்து, உடனே சர்க்காருக்கு முறையீடு அனுப்ப வேண்டும். தக்க காரணமின்றி அதைப் பரிசீலிக்காமல் தாமதித்தால், மதுரை ஹைகோர்ட்டு பெஞ்சில் ஆட்கொணர்வு மனு போட்டு அந்த உத்தரவை ரத்துச் செய்விக்கலாம்.