கௌராவின் கல்லறைகளும் கன்பெராவின் மானியங்களும்

2025 ஒகஸ்ட் 5 அன்று அவுஸ்திரேலிய அரசாங்கம் முக்கியமான ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தனது கடற்படைக்கான 11 புதிய போர்க்கப்பல்களுக்கு ஜப்பானின் மொகாமி வகைக் கப்பலைத் தெரிவு செய்திருப்பதாக அது கூறியது. சுமார் 1000 கோடி அவுஸ்திரேலிய டொலர் பெறுமதியான திட்டம் இது. முதல் மூன்று கப்பல்கள் ஜப்பானிலேயே கட்டப்படவுள்ளன.

இதே ஒகஸ்ட் 5ஆம் திகதி, 81 ஆண்டுகளுக்கு முன்னர், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கௌரா என்ற சிறுநகரில் வேறொன்று நடந்தது. அங்கிருந்த போர்க்கைதிகள் முகாமில் ஆயிரத்துக்கும் அதிகமான ஜப்பானியக் கைதிகள் நள்ளிரவு கடந்த வேளையில் கத்திகளோடும் தடிகளோடும் முட்கம்பி வேலியை நோக்கி ஓடினர். 230க்கும் மேற்பட்ட ஜப்பானியர்களும் நான்கு அவுஸ்திரேலியப் படையினரும் அந்தச் சம்பவத்தில் உயிரிழந்தனர்.

இந்த இரண்டு ஒகஸ்ட் ஐந்துகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை இரு நாடுகளும் எப்படிக் கடந்தன? வர்த்தகமும், சீனா குறித்த பொதுவான அச்சமும்தான் காரணம் என்பது வழமையான பதில். அது பிழையல்ல. ஆனால் பாதிப் பதில். போர்க்கப்பல் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறையாகத் தெரியும் மக்கள் தொடர்பு மானியங்களுக்கும், அவற்றுக்கு முன்னரே தாமாக வேலையைத் தொடங்கிவிட்ட சாதாரண மனிதர்களுக்கும் மற்றப் பாதியில் பங்குண்டு.

போர் முடிந்தபோது அவுஸ்திரேலியர்களிடம் இருந்த கசப்பு சாதாரணமானதல்ல. 1942 பெப்ரவரி 19 அன்று டார்வின் நகர்மீது நடந்த குண்டுவீச்சில் 230க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஜப்பானியப் படைகளிடம் சிக்கிய சுமார் 22,000 அவுஸ்திரேலியப் படையினரில் மூன்றில் ஒரு பங்கினர் உயிரோடு திரும்பவில்லை. 1957 ஜூலையில் இரு நாடுகளும் வர்த்தக உடன்படிக்கையில் கைச்சாத்திட்டபோது உள்நாட்டில் அதற்கு எதிர்ப்பு இருந்தது. ஆயினும் அடுத்த பத்தாண்டுகளுக்குள் பிரித்தானியாவைப் பின்தள்ளி அவுஸ்திரேலியாவின் மிகப்பெரிய ஏற்றுமதிச் சந்தையாக ஜப்பான் மாறியது. நிலக்கரியும் இரும்புத்தாதும் கப்பல் கப்பலாகப் போயின. மனங்கள் அதே வேகத்தில் நகரவில்லை.

கௌராவின் முக்கியத்துவம் இங்குதான் இருக்கிறது. போர் முடிந்த பின்னர், அங்குள்ள முன்னாள் படைவீரர்கள் தமது தோழர்களின் கல்லறைகளைத் துப்புரவு செய்தபோது, அருகில் புல் மண்டிக் கிடந்த ஜப்பானியர்களின் கல்லறைகளையும் சேர்த்துத் துப்புரவு செய்யத் தொடங்கினர். எந்த அரசாங்கமும் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை. எந்த நிதியும் வழங்கப்படவில்லை. ஜப்பானை வெறுக்க மிக நியாயமான காரணம் உடையவர்கள் செய்த வேலை அது. 1964இல் அந்த இடம் முறையான ஜப்பானியப் போர் மயானமாகியது. டார்வின் மீதான தாக்குதலில் இறந்த விமானிகள் உட்பட, அவுஸ்திரேலிய மண்ணில் இறந்த ஜப்பானியர்கள் பலர் பிற இடங்களிலிருந்தும் அங்கு கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டனர். 1970இல் டோக்கியோவின் பாடசாலை ஒன்றுடன் மாணவர் பரிமாற்றம் ஆரம்பமானது. 1979இல் ஜப்பானியத் தோட்டம் திறக்கப்பட்டது.

மறுகரையிலும் இதற்கு நிகரான ஒன்று நடந்தது. ஜப்பானின் நீகாட்டா மாகாணத்திலுள்ள நவோஎட்சு முகாமில் 300 அவுஸ்திரேலியக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் 60 பேர் பசியாலும் நோயாலும் கடும் உழைப்பாலும் இறந்தனர். போருக்குப் பின் அந்த முகாமின் காவலர்கள் எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர். பல தசாப்தங்களாக ஊர் வாய் திறக்கவில்லை. இறுதியில் ஊரவர்களே முன்னின்று, முகாம் இருந்த இடத்தில் 1995இல் சமாதானப் பூங்கா ஒன்றை அமைத்தனர். இறந்த கைதிகள் 60 பேருக்கும் அங்கு நினைவுச்சின்னம் உண்டு. தூக்கிலிடப்பட்ட காவலர்களுக்கும் தனியாக ஒன்று உண்டு. அப்படி ஒரு முடிவை எந்தத் திணைக்களமும் சுற்றறிக்கை மூலம் எடுத்துவிட முடியாது.

அப்படியானால் அரசின் பணம் எதற்கு?

1976இல் இரு நாடுகளும் நட்புறவு மற்றும் ஒத்துழைப்புக்கான அடிப்படை உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அதே ஆண்டில் அவுஸ்திரேலிய அரசாங்கம் தனிச்சட்டம் ஒன்றின் மூலம் அவுஸ்திரேலிய – ஜப்பான் மன்றத்தை உருவாக்கியது. 2026இல் இரண்டுக்கும் அரை நூற்றாண்டு. இன்று வெளிவிவகார, வர்த்தகத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் இம்மன்றம் ஆண்டுதோறும் விண்ணப்பங்களைக் கோரி, போட்டி அடிப்படையில் கலை, கல்வி, ஆய்வு, சமூகம், பொருளாதாரம் போன்ற துறைகளிலான திட்டங்களுக்கு மானியம் வழங்குகிறது. ஜப்பான் 1972இலேயே தனது பங்குக்கு ஜப்பான் அறக்கட்டளையை நிறுவியிருந்தது.

ஊரவர்களின் நல்லெண்ணத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அதைத் தொடங்கியவர்கள் இறக்கும்போது அதுவும் இறந்துவிடலாம். பயணச்செலவு, மொழிபெயர்ப்பு, ஆவணக்காப்பு, ஆசிரியர் பயிற்சி போன்றவற்றை ஒரு சிறுநகரத்துச் சங்கம் தலைமுறைகளுக்குச் சுமக்க முடியாது. அந்த இடைவெளியை அரச நிதியால் நிரப்ப முடியும். இன்று அவுஸ்திரேலியாவில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜப்பானிய மொழியைக் கற்கின்றனர். அவர்களில் பெரும்பாலானோர் பாடசாலை மாணவர்கள். நீண்டகால அரச ஆதரவின்றி இது சாத்தியமில்லை. 1990களில் கன்பெராவிலுள்ள போர் நினைவகத்தில் இரு நாட்டுப் போர்க்கால ஆவணங்களை ஆராயும் திட்டத்துக்கு ஜப்பானிய அரசே நிதி வழங்கியது. தனக்குச் சங்கடமான வரலாற்றை எதிர்த்தரப்பின் நினைவகத்தில் ஆராயப் பணம் கொடுப்பது, கலைவிழாக்களுக்குக் கொடுப்பதைவிடப் பெறுமதியானது.

இத்தகைய உறவின் பலம் சோதனையின்போதுதான் தெரியவரும். 2010இல் திமிங்கில வேட்டை தொடர்பில் ஜப்பானுக்கு எதிராக அவுஸ்திரேலியா சர்வதேச நீதிமன்றம் சென்றது. 2014 மார்ச்சில் தீர்ப்பு அவுஸ்திரேலியாவுக்குச் சாதகமாக வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கன்பெரா பாராளுமன்றத்தில் உரையாற்றி, கொகோடாவையும் சண்டக்கானையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, போரில் இறந்த அவுஸ்திரேலியர்களுக்கு அனுதாபம் தெரிவித்தார்.

சிறிய அளவில் இன்னொரு சோதனை 2009இல் நடந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் புரூம் நகரசபை, டொல்பின் வேட்டையைக் கண்டித்து, ஜப்பானின் தைஜி நகருடனான சகோதர நகர் உறவை ஒகஸ்ட்டில் இடைநிறுத்தியது. புரூமின் மயானத்தில் முத்துக்குளிக்க வந்து மடிந்த நூற்றுக்கணக்கான ஜப்பானியர்கள் உறங்குகிறார்கள். அவர்களில் பலர் தைஜி உள்ளிட்ட வாகயாமா கரையோரத்தைச் சேர்ந்தவர்கள். ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் உட்பட ஊரிலிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. ஒக்டோபரில் நகரசபை தனது முடிவை மாற்றிக்கொண்டது. உறவைக் காப்பாற்றியது ஒப்பந்தப் பத்திரமல்ல, குடும்பங்கள்.

எனவே இம்மானியங்களைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு பணம் என்பதல்ல, யாருடைய தேவைக்குப் பணம் என்பதே. இரு நாடுகளும் 2022இல் கைச்சாத்திட்ட படையினர் பரிமாற்ற உடன்படிக்கை 2023இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது கப்பல்களும் வருகின்றன. பாதுகாப்பு உறவு நெருங்க நெருங்க, மக்கள் தொடர்பு நிதியும் அதற்கு மேளம் அடிக்கும் வேலையாகச் சுருங்கும் ஆபத்து உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரிந்த பெரிய நிறுவனங்கள் முன்னே வர, கல்லறையைத் துப்புரவு செய்யும் ஊர்ச்சங்கம் பின்தங்குவது போட்டி மானியங்கள் எங்கும் கண்ட நோய். போரைக் கண்ட தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்ட இவ்வேளையில் அந்த இழப்பு ஈடுசெய்ய முடியாததாகும்.

இன்னொன்றையும் தமிழர்களாகிய நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. சியாம் – பர்மா மரண ரயில்பாதையில் சுமார் 2,800 அவுஸ்திரேலியக் கைதிகள் இறந்தனர். அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் உட்பட, பல்லாயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களும் இறந்தனர். அவுஸ்திரேலியர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகளும், 1998இல் அவர்களின் அரசு அமைத்த நினைவு அருங்காட்சியகமும் உண்டு. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குப் பெயரிட்ட கல்லறைகூட இல்லை. அவர்களுக்காகப் பேச ஓர் அரசு இருக்கவில்லை. ஜப்பானுக்கு அவர்களிடமிருந்து வாங்க நிலக்கரியும் இருக்கவில்லை. நல்லிணக்கத்துக்கான நிதி எப்போதும் துயரத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை.

ஆயினும் கௌராவின் பாடம் செல்லுபடியாகாமல் போகவில்லை. அங்கு முதலில் வந்தது மண்வெட்டி. மானியம் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அந்த வரிசையை மாற்றி, பணத்தைக் கொட்டி நட்பை முளைக்கச் செய்யலாம் என்று நினைக்கும் அரசுகளுக்கு விழாக்களும் புகைப்படங்களும் கிடைக்கும். மானியம் நின்ற மறுநாளும் எதிரியின் கல்லறையில் புல் வெட்ட ஒருவர் வருவாரா என்பதே அந்தப் பணம் பயன்பட்டதா என்பதற்கான அளவுகோல்.