தொழில் வரி கட்டுறோம்; ஊரில் நமக்குக் குரல் எங்கே?



உங்க சம்பள ஸ்லிப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், பஸ் என்று வரிசையாகப் பிடித்தம் இருக்கும். அதோடு, அரையாண்டுக்கு ஒரு முறை 'தொழில் வரி' என்று ஒரு வரி வரும். நிறைய பேர் அதைக் கவனிப்பதே இல்லை. கவனித்தவர்களும் ஏதோ கவர்மென்ட் பிடித்தம் என்று விட்டுவிடுகிறோம்.

அந்தப் பணம் டெல்லிக்குப் போவதில்லை. கோட்டைக்கும் போவதில்லை. தமிழ்நாட்டில் தொழில் வரி உள்ளாட்சியின் வருமானம். நீங்கள் வேலை செய்யும் இடம் எந்த உள்ளாட்சியின் எல்லையில் இருக்கிறதோ, பொதுவாக அந்த ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோதான் போகிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

ஆக, இருங்காட்டுக்கோட்டையிலும், ஒரகடத்திலும், வல்லத்திலும், சுங்குவார்சத்திரத்திலும் ஷிஃப்ட் பார்க்கிற நாம், அந்த வரி வரம்புக்குள் வருகிற ஒவ்வொருவரும், இந்த ஊர்களின் ரோட்டுக்கும் தண்ணிக்கும் விளக்குக்கும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இப்போ சொல்லுங்க: அந்த ஊராட்சித் தலைவர் யாருன்னு தெரியுமா? கிராம சபைக்கு என்றைக்காவது போயிருக்கீங்களா? நம்ம காசு எதுக்குச் செலவாச்சுன்னு யாராவது சொன்னாங்களா?

போயிருக்க மாட்டோம். போனாலும் அங்கே நாம் வேடிக்கை பார்க்கிறவர்கள்தான். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபையின் உறுப்பினர். நம்மில் பாதிப் பேரின் ஓட்டு திருவண்ணாமலையில், விழுப்புரத்தில், கடலூரில் இருக்கிறது. ஒடிசாவிலும் பீகாரிலும் இருந்து வந்த தோழர்களின் ஓட்டு அங்கே. வரி இங்கே, ஓட்டு அங்கே!

சரி, இதனால் என்ன நஷ்டம்? ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஒரகடம் சந்திப்பில் இறங்குகிற ஒரு பெண் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. அங்கிருந்து லைன் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் நடை. விளக்கு எரியலை. மழை பெய்தால் முழங்கால் தண்ணி. யாருகிட்ட சொல்றது?

ஊராட்சி ஆபீஸில் கேட்டால், "அது ஹைவேஸ் ரோடு, எங்க லிமிட்ல வராது." ஹைவேஸில் கேட்டால், "உள் ரோடா? அது சிப்காட்." சிப்காட்டில் கேட்டால், "எங்க எஸ்டேட் கேட்டோட முடிஞ்சுது." எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதுதான் பிரச்சினையே.

நம்ம பகுதியின் நிர்வாக வரைபடத்தைப் பாருங்கள். சென்னை – பெங்களூரு சாலை ஒன்றிய அரசின் தேசிய நெடுஞ்சாலை. ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் மாநில நெடுஞ்சாலைகள். தொழிற்பேட்டைக்குள் இருக்கும் சாலையும் தண்ணீரும் 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் கையில். வெளியே இருக்கிற குடியிருப்பு ஊராட்சியின் கையில். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் ஏரி என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கியபோது நம்ம பகுதியும் அதற்குள் போனது. ஆக நிலத் திட்டம் சென்னையில். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மாவட்டமே மாறி செங்கல்பட்டு வந்துவிடுகிறது.

இத்தனை கை இருக்கு. பொறுப்பு மட்டும் யார் கையிலும் இல்லை.

உலகத்தில் பல ஊர்களுக்கு 'நகர சாசனம்' என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் பல நகரங்கள் அதை வைத்துத்தான் நடக்கின்றன. நகர மன்றத்துக்கு என்ன அதிகாரம், மேயருக்கு என்ன அதிகாரம், வரியை யார் போடுவது, தண்ணீருக்கும் குப்பைக்கும் எந்தத் துறை பொறுப்பு, கணக்கை யார் தணிக்கை செய்வது என்று எல்லாம் ஒரே ஆவணத்தில் இருக்கும். பல இடங்களில் அதைத் திருத்த மக்களே ஓட்டுப் போட வேண்டும்.

இது நமக்குப் புதுசா? இல்லை. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரிக்கு ஏரி வாரியம். தோட்டத்துக்குத் தோட்ட வாரியம். பொன்னுக்குப் பொன் வாரியம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் மறுபடி போட்டிக்கே வர முடியாது.

அதைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஓலையில் இடம். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஏரி உடைந்தால் யாரைக் கேட்பது என்று அன்றைக்குக் கல்லில் எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஏரியில் கழிவுநீர் லாரி வந்து கொட்டினால் யாரைக் கேட்பது? யாருக்கும் தெரியலை. வாடகைக்கு இருப்பவனுக்கு ஊரில் பேச்சில்லை என்கிற அந்தப் பழைய கதை மட்டும் ஆயிரம் வருஷம் கழித்தும் மாறவில்லை.

நமக்கு சாசனம் இல்லையா என்றால், இருக்கிறது. 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள்தான் நம் சாசனம். ஊராட்சிகளுக்கு 29 பொறுப்புகள், நகராட்சிகளுக்கு 18 பொறுப்புகள் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம் தேர்தல் என்கிறது. ஆனால் அந்தப் பொறுப்புகளில் எதை, எவ்வளவு கொடுப்பது என்ற முடிவை மாநிலத்திடம் விட்டுவிட்டது. அந்த ஓட்டையில்தான் எல்லாம் ஒழுகுகிறது.

தேர்தல் கட்டாயம் என்பதாவது நடந்ததா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போ தெரியுமா? 2021 அக்டோபர். ஒரு முழுப் பதவிக்காலம், ஐந்து ஆண்டுகள், தனி அலுவலர்களே ஊரை நடத்தினார்கள். கம்பெனிகள் வந்துகொண்டே இருந்தன, லைன் வீடுகள் முளைத்துக்கொண்டே இருந்தன, கேட்பதற்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. மற்ற 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் உள்ளாட்சித் தேர்தல் என்றால் தள்ளிப்போடுவது வாடிக்கையாகிவிட்டது. இதை நாம் கேட்காமல் யார் கேட்பது?

அடுத்தது தரம் உயர்த்தும் விஷயம். பேரூராட்சியாக இருந்த ஸ்ரீபெரும்புதூரை நகராட்சி ஆக்கும் முடிவு வந்தது. சுற்று வட்டாரத்திலும் 'நம்ம ஊராட்சியும் சேருமா' என்ற பேச்சு இருக்கிறது. நம் தோழர்களிலேயே ரெண்டு கருத்து உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

நகராட்சி ஆனால் பொறியாளர் வருவார், சுகாதார ஆய்வாளர் வருவார், பாதாளச் சாக்கடைக்கு நிதி கேட்க முடியும். பத்தாயிரம் பேர் வாடகைக்கு இருக்கிற ஊரை ஒரு ஊராட்சிச் செயலரை வைத்து நடத்த முடியாது. இது ஒரு பக்கம். மறுபக்கம், நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் நகராட்சிக்குள் கிடையாது. சொத்து வரி ஏறும். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, கம்பெனியில் வேலையும் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயது அம்மாவுக்கு அந்த வேலைதான் கையில் காசு. கிராம சபையும் போய்விடும். அதற்குப் பதில் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள். அது உங்கள் பக்கத்து நகராட்சியில் ஒழுங்காகக் கூடுகிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே நம் நிலைப்பாடு இது: ஊரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அரசாணை முடிவு செய்யக் கூடாது. முதலில் கிராம சபையில் வையுங்கள். வரி எவ்வளவு ஏறும், என்ன வசதி எப்போது வரும் என்று எழுத்தில் கொடுங்கள். மக்கள் பேசட்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதிகம் பேர் பேசாதது. அரசியலமைப்பின் 243-கியூ பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு தொழில் நிறுவனமே நகராட்சிச் சேவைகளைத் தருகிறது என்றால், அந்தப் பகுதியைத் 'தொழில் நகரியம்' என்று அறிவித்து, நகராட்சியே அமைக்காமல் விடலாம். நொய்டாவைப் பாருங்கள். அகலமான சாலை, உயரமான கட்டடம், ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றம் இல்லை. அதிகாரிகளின் ஆணையம்தான் ஆள்கிறது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தின் தண்ணீரும் சாலையும் நன்றாக இருக்கின்றன என்பார்கள். இருக்கலாம். ஆனால் அங்கே மாநகராட்சி வேண்டும் என்று மக்கள் பல பத்தாண்டுகளாக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் தொழில் நகரியப் பகுதிகளுக்கு ஆணையம் அமைக்க 1997-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். தண்ணி நல்லா வந்தா போதாதா என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: வராத அன்றைக்கு யாரை ஓட்டுப் போட்டு இறக்குவீங்க?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 படுக்கைகளோடு, 706.50 கோடி ரூபாயில் குடியிருப்பு திறந்தார்கள். நல்ல விஷயம், வரவேற்கிறோம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டுப் பெண்கள் சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நிலைக்கு இது ஒரு பதில். ஆனால் 18,720 பேர் என்றால் அது ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகை. அத்தனை பேருக்கும் கட்டில் இருக்கிறது. ஊர் நிர்வாகத்தில் ஒரு நாற்காலி இருக்கிறதா? அன்றைக்கு ரோட்டில் உட்கார வேண்டி வந்ததே, உட்கார்ந்து பேச வேறு இடம் இல்லாததால்தானே?

நாம் கேட்பது:

1. ஒவ்வொரு உள்ளாட்சியும் தொழில் வரியாக எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை ஆண்டுக்கு இரு முறை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். தமிழிலும், இந்தியிலும், ஒடியாவிலும்.

2. ஒவ்வொரு சந்திப்பிலும் சாலை, விளக்கு, வடிகால் யார் பொறுப்பு என்று பெயர், போன் நம்பரோடு பலகை வைக்க வேண்டும்.

3. வாடகைக் குடியிருப்பிலும் விடுதியிலும் இருக்கும் தொழிலாளர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு குறைகேட்புக் கூட்டம். ஊராட்சி, சிப்காட், நெடுஞ்சாலை, மின்வாரியம் நான்கும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

4. இந்தப் பகுதிக்கு எந்த ஆணையம் வந்தாலும் அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

5. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல். தனி அலுவலர் ஆட்சி இனி வேண்டாம்.

கேட்பது மட்டும் போதாது தோழர்களே, நாமும் செய்ய வேண்டியது உண்டு. இங்கேயே தங்கிவிட்டவர்கள் படிவம் 8 கொடுத்து ஓட்டை இங்கே மாற்றலாம். சொந்த வீடு இருக்கணும்னு சட்டம் சொல்லவில்லை, வழக்கமாகக் குடியிருந்தால் போதும். சொந்த ஊர் ஓட்டை விடுவது சின்ன முடிவு இல்லை, தெரியும். வீட்டில் பேசி முடிவெடுங்கள். மாற்ற முடியாதவர்கள் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். 'கடந்த மூன்று ஆண்டுகளில் தொழில் வரி வரவு எவ்வளவு, செலவு என்ன' என்ற ஒரே கேள்வி போதும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். மனு எழுதத் தெரியாவிட்டால் நம் கிளைத் தோழரைக் கேளுங்கள், எழுதித் தருவார்.

இங்கேயே ஓட்டு உள்ள தோழர்கள் அடுத்த கிராம சபைக்கு அவசியம் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். போகும்போது உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தம்பியின் சம்பள ஸ்லிப்பையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அவனால் அங்கே கேட்க முடியாத கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

வரி கட்டுகிறவர் எல்லாருக்கும் ஊர்க்கணக்கு தெரிய வேண்டும். படியுங்கள், பகிருங்கள், உங்கள் ஷிஃப்ட் குரூப்பில் போடுங்கள்.

#வரிஇங்கே_ஓட்டுஎங்கே
#ஊர்க்கணக்கைக்_காட்டு