சித்திர வைத்தியர் உண்டா?

விக்கிரமசிங்கபுரத்தில் வைத்தியத்திற்குப் பஞ்சமில்லை என்பது வெளியூர்க்காரர்களின் எண்ணம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பொதிகை மலை. அகஸ்திய முனிவர் வாசம் செய்ததாகச் சொல்லும் இடம். மூலிகைக்கு என்ன குறைவு? அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளியும் என்று நம்பி ஒரு கூட்டம் வந்துகொண்டேயிருக்கிறது. பாபநாசத்தில் முழுகினால் பாபமே தொலையும் என்கிறபோது, மற்ற வியாதிகள் எம்மாத்திரம்! இப்படியெல்லாம் ஊர்ப்பெருமை பேசிக்கொண்டிருந்த நாம், சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாயார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளெல்லாம் போன பிறகு, அந்த அம்மாள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "ஸார், படம் வரையச் சொல்லி மனசச் சொகமாக்குத டாக்டர் இருக்காங்களாமே! நம்ம ஊர்ப்பக்கம் யாரும் உண்டுமா?" என்று கேட்டாள்.

அவளுடைய மகன் நம்மிடம் ஆறாம் வகுப்பில் வாசிக்கிறான். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.) ஆடி மாதத்தில் அண்ணனும் தம்பியுமாக ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள், தம்பி மட்டும் திரும்பினான். ஊரார் தங்கள் பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற அதே ஆறு. அன்றிலிருந்து பையன் பேச்சைக் குறைத்து, குறைத்து, கடைசியில் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டான். "என்னத்தக் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கான் ஸார். நோட்டுல கிறுக்கிக்கிட்டே இருக்கான்" என்றாள் தாயார்.

அந்த நோட்டை நாம் முன்பே பார்த்திருந்தோம். பார்த்ததோடு நின்றிருந்தால் உத்தமம். ஆசிரியர் அறைக்கு எடுத்துச் சென்று நாலு பேருக்குக் காட்டினோம். பக்கம் பக்கமாகக் கறுப்புக் கோடுகள். ஒருவர், "கறுப்பு என்றால் மரண பயம்" என்றார். இன்னொருவர், கோடுகள் சாய்ந்திருப்பதற்கு ஓர் அர்த்தம் சொன்னார். நாமும் நம் பங்குக்கு ஏதோ வியாக்கியானம் செய்தோம். பிற்பாடுதான் தெரிந்தது, பையனிடம் இருந்தது ஒரே ஒரு பேனா, அது கறுப்பு!

தாயாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டபடியால் தேடத் தொடங்கினோம். இந்தக் காலத்தில் தேடுவதென்றால் கையிலிருக்கும் போனைத் தடவுவதுதானே? சித்திரம் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் அம்பாசமுத்திரத்திலும் திருநெல்வேலியிலும் கிடைத்தன. அவை நல்ல வகுப்புகளாகவே இருக்கலாம். ஆனால் யானை வரையக் கற்றுக்கொடுப்பது வேறு, அண்ணனைப் பறிகொடுத்த பிள்ளைக்குத் துணை நிற்பது வேறு. ஓரிடத்தில் 'சிகிச்சை' என்றே விளம்பரம் செய்திருந்தார்கள். டெலிபோனில் கூப்பிட்டோம். "படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வர்ணத்தைப் பார்த்துப் பலன் சொல்லிவிடுகிறோம்" என்று பதில் வந்தது. கைரேகை ஜோசியம் கலர்ப் பென்சில் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டோம்.

இந்தச் சிகிச்சை உண்மையில் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேயச் சித்திரக்காரர் 1938-ல் க்ஷயரோகத்துடன் மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரிலுள்ள ஆரோக்கிய நிலையத்தில் படுத்திருந்தார். படுக்கையிலிருந்தபடியே எதிரே கண்ட பொருள்களை வரைந்தார். மனம் தேறுவதை உணர்ந்தார். பிறகு கூட இருந்த நோயாளிகளையும், யுத்தத்தில் காயம்பட்டு வந்த சிப்பாய்களையும் வரையச் சொன்னார். 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942-ல் இட்டவர் அவரே. கடல் கடந்து பிரேஸில் தேசத்தில் நீஸே த ஸில்வெய்ரா என்ற பெண் டாக்டர் இருந்தார். மார்க்ஸீயப் புத்தகங்களை வைத்திருந்த குற்றத்திற்காக 1936-ல் சிறைக்கு அனுப்பப்பட்டவர். வெளியே வந்து மீண்டும் உத்தியோகத்தில் சேர்ந்தபோது, மனநோயாளிகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் பொத்தானை அமுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். 1946-ல் ரியோ நகரத்து ஆஸ்பத்திரியில் வர்ணமும் தூரிகையும் களிமண்ணும் கொண்ட ஒரு கூடத்தைத் திறந்தார். அங்கே நோயாளிகள் படைத்தவற்றைப் பாதுகாக்க 1952-ல் ஒரு மியூஸியமே ஏற்பட்டது. சிறையைக் கண்டவருக்குத்தான் பூட்டிய கதவின் உட்பக்கம் எப்படியிருக்கும் என்று தெரியும் போலும்.

இதைச் சொன்னதும், சுதேசாபிமானம் மிகுந்த நம் நண்பர் ஒருவர் விடுவாரா? "இதென்ன புதுமை! நம் பெண்கள் வாசலில் போடும் கோலம் என்ன? திருப்புடைமருதூர்க் கோபுரத்து உட்சுவர்களில் நாயக்கர் காலத்திலேயே எழுதி வைத்த சித்திரங்கள் என்ன? சிகிச்சை நம்மிடம் முன்பே இருந்தது" என்றார். தாமிரபரணிக் கரையில் அந்தச் சித்திரங்களைப் பார்த்து நாமும் மெய்மறந்து நின்றிருக்கிறோம். ஆயினும் கோலம் கோலந்தான். கோபுரச் சித்திரம் கோபுரச் சித்திரந்தான். அவற்றின் பெருமை போதாதென்று வைத்தியர் பட்டம் வேறு கட்ட வேண்டியதில்லை.

நிற்க. பிரிட்டனில் அரசாங்கப் பதிவில்லாமல் ஒருவர் தம்மைச் சித்திரச் சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. அந்தப் பட்டத்திற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நம் தேசத்திலோ, மருத்துவத் துணைத் தொழில்களுக்காக 2021-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின் அட்டவணையில்தான் சித்திரம், நடனம் முதலியவற்றால் சிகிச்சை செய்வோருக்கும் இடம் கிடைத்தது. ஆகவே பெயர்ப் பலகையை மட்டும் நம்பிப் பிள்ளையை ஒப்படைப்பது விவேகமல்ல. முதலில் அவர் மனோதத்துவத்திலோ மனநல வைத்தியத்திலோ முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவரா என்று கேட்க வேண்டும். மருத்துவ மனோதத்துவ நிபுணர் என்று சொல்லிக்கொண்டால், இந்திய மறுவாழ்வுக் கவுன்ஸிலில் பதிவு எண் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை, கொடுப்பதில் அவர்களுக்கும் வருத்தமிராது. சித்திரம் என்பது அவர் கையிலுள்ள கருவிகளில் ஒன்று. தச்சனைத் தேடாமல் உளியை மட்டும் தேடியலைந்தது நமது பிசகு.

இவ்வளவும் அறிந்துகொண்டு தாயாரிடம் போய், "சித்திர வைத்தியர் என்று நம் ஊரில் ஒருவருமில்லை அம்மா. முதலில் மனநல டாக்டரைப் பார்ப்போம்" என்றோம். அவள் முகம் வாடிவிட்டது. "அங்க போனா எம்புள்ளைக்குப் பைத்தியம்னு பேரு வச்சிருவாங்களே ஸார்!" என்றாள்.

அப்போதுதான் நமக்கு விஷயம் விளங்கியது. அவள் சித்திரத்தைத் தேடவில்லை. அவமானமில்லாத ஒரு வாசலைத் தேடினாள். 'படம்' என்ற சொல் யாரையும் பயமுறுத்துவதில்லை. 'மனநலம்' என்ற சொல்லுக்கோ நம் தெருக்களில் இன்னும் விலங்கும் சங்கிலியும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பயத்தில் நியாயமே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. 2001 ஆகஸ்டு மாதம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடவும் முடியாமல் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் அறவே தடுத்திருக்கிறது என்று அவளுக்குச் சொன்னோம். துக்கத்தால் வாயடைத்த பிள்ளைக்குப் பைத்தியம் என்று எந்த டாக்டரும் பெயர் வைக்கப் போவதில்லை என்றும் சொன்னோம். இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் சம்மதித்தாள். இடையில் பையனுக்குத் திருநீறு போட்டு வந்தார்கள். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அதோடு நின்றுவிட்டால்தான் சண்டை பிடித்திருப்போம்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சேர்ந்த டாக்டர்கள் குறித்த நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்க்கிறார்கள். எந்த நாள் என்று முன்னதாக விசாரித்துக்கொண்டு போவது நல்லது. திருநெல்வேலி ஹைகிரவுண்டில் 1965-ல் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியிலும் மனநலப் பகுதி உண்டு. இரவோ பகலோ மனம் தாங்காதபோது 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசாங்கத்தின் ஏற்பாடு அது, கட்டணமில்லை. பிள்ளை பல நாள் தூங்காமலிருந்தாலோ, உணவை ஒதுக்கினாலோ, "நானும் போகிறேன்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலோ, குறித்த நாளுக்காகக் காத்திராமல் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும் என்று டாக்டர் வற்புறுத்திச் சொன்னார். பிறவியிலேயே வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளின் விஷயம் வேறு. அவர்களுக்காக ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் இருந்து வருகிறது.

நம் பையனை டாக்டர் பரிசோதித்துவிட்டு, மருந்து தேவையில்லை, பேசிப் பழகும் சிகிச்சையே போதும் என்று, குழந்தைகளிடம் பழகிய மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் திருநெல்வேலியில் இருக்கிறார். சுமார் 50 கிலோமீட்டர் பஸ் பிரயாணம். போக வர ஒரு நாள் போய்விடும், தாயாரின் ஒரு நாள் கூலியும் கூடவே போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. முதல் தடவை நாமும் கூடப் போனோம். மேஜையில் காகிதமும் மெழுகு வர்ணக் கட்டிகளும் பரப்பியிருந்தன. அதைக் கண்டதும் தாயார் நம்மைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! தேடிய பொருள் அங்கேயே இருந்தது.

அந்த அம்மாள் பையனைப் பார்த்து, "இது என்ன படம்?" என்று கேட்கவில்லை. நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவன் வரைந்து முடிக்கும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினமான வித்தை என்பது ஆசிரியத் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும்! பிறகு, "இதைப் பற்றி ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல்லு" என்றார். அவன் சொல்லவில்லை. படத்தின் பின்புறம் தேதியைக் குறித்து, அவன் பெயருள்ள உறையில் அவனையே வைக்கச் சொன்னார். அன்றைக்கு அவ்வளவுதான். "இதற்கா இத்தனை தூரம்?" என்று தாயார் பஸ்ஸில் முணுமுணுத்தாள். நமக்கும் உள்ளூர அதே எண்ணந்தான்.

ஐந்தாவது தடவையில் அவன் ஆற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னானாம். என்ன சொன்னான் என்று நிபுணர் நமக்குத் தெரிவிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. வீட்டில் என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டோம். காகிதமும் வர்ணமும் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம். வரைந்ததற்கு அர்த்தம் சொல்லக் கூடாது. அவன் அனுமதியில்லாமல் பிறருக்குக் காட்டக் கூடாது என்றார். கடைசி வார்த்தை நம்மைச் சுட்டது. ஆசிரியர் அறையில் நடந்ததை ஒப்புக்கொண்டோம். "பையனிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். மறுநாள் சொன்னோம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நாம் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

இந்த மாதம் நமது பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி நடக்கிறது. சுவரில் மாட்டுவதற்குப் பிள்ளைகளிடமிருந்து படங்கள் வந்து குவிகின்றன. அவனிடம் சென்று, "உன் படம் ஒன்று வைக்கலாமா?" என்று கேட்டோம்.

"வேண்டாம் ஸார்" என்றான்.